ஒட்டுக்கேட்கத் தெரிந்தவர்களுக்கு

மும்பைத் தமிழனுக்குச் சங்கீதத்தில் என்ன குறைச்சல்? மாட்டுங்காப் பக்கம் 1952-இல் தொடங்கிய ஷண்முகானந்தா சபா இருக்கிறது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. பஜனை சமாஜம் உண்டு, ஆஸ்திக சமாஜம் உண்டு. அங்கெல்லாம் போகச் சோம்பலாக இருந்தால் தாராவியில் படுத்தே கிடக்கலாம். கோயில் கொடை வந்துவிட்டால் கூம்பு ஸ்பீக்கர் எல்.ஆர். ஈஸ்வரியை நம் தலையணை வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்.

“இத்தனை இருக்கும்போது, நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடில் இழுக்கிறதைக் கேட்க நரிமன் பாயின்ட் வரைக்கும் போகணுமா?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்ல ஆரம்பித்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய்விட்டாள். மிச்சப் பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த நாலு பேர் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா பார்க்க வயலின்தான். உடம்பு கொஞ்சம் பெருத்து, குரல் கொஞ்சம் தடித்திருக்கும். செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள்; நல்ல ஆண்குரல். பாட்டுக்காரர் கிடையாது. மிருதங்கம் கிடையாது. தம்புரா கிடையாது. குச்சியை ஆட்டிக்கொண்டு நடுவில் நிற்கும் கண்டக்டரும் கிடையாது. இதற்கு ஸ்ட்ரிங் குவார்டெட் என்று பெயர். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் சேம்பர் மியூசிக் என்று ஒரு வகை இருக்கிறதே, அதில் இதற்குத்தான் முதல் தாம்பூலம். பெரிய மண்டபத்தை நினைத்து இதை எழுதவில்லை. வீட்டுக் கூடத்தில் நாலு சிநேகிதர்கள் கூடி, தங்களுக்குத் தாங்களே வாசித்துக்கொள்வதற்காக எழுதினார்கள்.

1784 வாக்கில் வியன்னாவில் ஒரு வீட்டு விருந்தில் அப்படி வாசித்தார்கள். முதல் வயலின் ஹைடன். இரண்டாவது வயலின் டிட்டர்ஸ்டார்ஃப். வயோலா மொசார்ட். செல்லோ வான்ஹால். நாலு பேருமே அந்தக் காலத்தில் பேர் போன இசையமைப்பாளர்கள். விருந்துக்குப் போயிருந்த மைக்கேல் கெல்லி என்ற அயர்லாந்துப் பாடகர் பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில் அதைப் பற்றி எழுதினார். வாசிப்பு ஏதோ பரவாயில்லை ரகமாம். ஒருத்தரும் அவரவர் வாத்தியத்தில் சூரர் இல்லையாம். மொசார்ட்டைப் பற்றி இப்படிச் சொல்லும் தைரியம், ஓசியில் சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளிக்குத்தான் வரும். இதைப் படித்த அன்றே இந்தச் சங்கீதத்தின் மேல் எனக்கிருந்த மிரட்சி பாதி போய்விட்டது. எந்த சபாவின் கேன்டீனிலும் காதில் விழுகிற அதே விமர்சனம்தானே!

மீதிப் பாதி மிரட்சிக்குக் காரணம், எனக்கு வாய்த்த குரு. நான் தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவன். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் மாட்டுங்கா. அங்கே இருந்த ஒரு மாமா, வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர், என்னைப் பிடித்துக் கச்சேரிக்கு அழைத்துப்போய் ரசிகனாக்கினார். அவர் தந்த பயிற்சி நாலு அம்சங்கள் கொண்டது. ஆலாபனை தொடங்கிய அரை நிமிஷத்துக்குள் ராகத்தைச் சொல்லிவிட வேண்டும். தெரியாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுப்பதைக் கேட்டு, நாமே கண்டுபிடித்த மாதிரி தலையாட்ட வேண்டும். வலது கை தொடையில் தாளம் போட வேண்டும். நல்ல இடம் வந்தால் “பேஷ்” என்று, பாடகர் காதில் விழும்படியாக, சொல்ல வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், மிருதங்கக்காரர் நம்மைப் பார்க்காத சமயத்தில், வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வர வேண்டும்.

இந்த நாலையும் நரிமன் பாயின்ட்டில் வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள். ராகம் கண்டுபிடிக்கலாம் என்றால் மேஜர், மைனர் என்று இரண்டே விடை. அதையும் உறுதியாகச் சொல்லி முடிப்பதற்குள் ஆதார ஷட்ஜத்தையே நகர்த்தி வேறோரிடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். தம்புரா இல்லாத ஊரில் கேட்பார் யார்? தொடையில் தாளம் போட்டால் முன்வரிசையில் இருக்கும் பார்சிப் பெண்மணி திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு ஆதி தாளமே நின்றுவிடும். பேஷ் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. தனி ஆவர்த்தனம் இல்லாததால் காபிக்கு முகூர்த்தமும் இல்லை.

மாமாவையே ஒரு நாள் அழைத்துப் போனேன். நேஷனல் சென்டர் ஃபார் தி பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ், 1969-இல் தோன்றிய நிறுவனம். மெரைன் டிரைவ் போய் முடிகிற இடத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் டாட்டா தியேட்டர் 1980-இல் திறந்தது. ஃபிலிப் ஜான்சன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. சுமார் ஆயிரம் பேர் உட்காரலாம். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

மாமா உட்கார்ந்ததும் மேடையை மேலும் கீழும் பார்த்தார். “மைக்கை வைக்க மறந்துட்டாடா!”

“இங்கே மைக் கிடையாது மாமா.”

“அப்போ கட்டை விரலை மேலே தூக்கி யாரைப் பார்த்துக் காட்டுவா?”

நியாயமான சந்தேகம். நம் கச்சேரியில் முதல் உருப்படியே மைக்காரருடன் நடக்கும் அந்த அபிநயம்தானே. இங்கே நாலு பேரும் வந்தார்கள், குனிந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஒரே மூச்சாக இழுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நிமிஷம் கழித்து மாமா என் காதில் சொன்னார்: “கடைசி வரிசை வரைக்கும் கேக்கறதுடா. சில இடத்திலே மைக் இருந்தும் கேக்கலை.”

நடுவில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு குவார்டெட்டில் பெரும்பாலும் நாலு பகுதிகள் இருக்கும். ஒரு பகுதி முடிந்ததும் வாத்தியக்காரர்கள் நிறுத்துவார்கள், ஏடு புரட்டுவார்கள், சுருதி சரிபார்ப்பார்கள். அப்போது கைதட்டக் கூடாது. இருமலாம். அதுவரை அடக்கிவைத்த இருமலையெல்லாம் சபை மொத்தமும் அந்த அரை நிமிஷத்தில் இருமித் தீர்க்கும். தெற்கு மும்பையின் நுரையீரல் நிலவரம் தெரிய வேண்டுமானால் அங்கே போய் உட்கார்ந்தால் போதும். “கைதட்டினாத் தப்பு, இருமினாத் தப்பில்லையா? என்ன சாஸ்திரம்டா இது?” என்றார் மாமா.

இது பழைய சாஸ்திரமே இல்லை என்பதுதான் வேடிக்கை. பகுதிகளுக்கு நடுவே பிணம் போல உட்கார்ந்திருக்கும் வழக்கம் பிற்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைதூக்கி, இருபதாம் நூற்றாண்டில் சட்டமாக இறுகியது. 1778-இல் பாரிஸில் தன்னுடைய சிம்பொனி அரங்கேறியபோது முதல் பகுதியின் நடுவிலேயே ஜனங்கள் கைதட்டிவிட்டார்கள் என்று மொசார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் தட்டுவார்கள் என்று தெரிந்தேதான் எழுதினாராம். கச்சேரி நல்லபடி முடிந்த குஷியில் நேரே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, நேர்ந்துகொண்டபடி ஜெபமாலை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாராம். இதைச் சொன்னதும் மாமாவுக்கு மொசார்ட்டின் மேல் அபாரப் பிரியம் வந்துவிட்டது. நடுவிலே பேஷ், முடிந்ததும் கேன்டீன், அப்புறம் ஸ்லோகம். “அசல் மாட்டுங்கா மனுஷன்!” என்றார்.

கைதட்டல் விஷயத்தில் ஹைடன் இன்னும் பெரிய ஆசாமி. 1781-இல் அவர் எழுதிய ஓபஸ் 33 வரிசையில் இரண்டாவது குவார்டெட்டுக்கு ‘ஜோக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதன் கடைசிப் பகுதி துள்ளிக்கொண்டு ஓடும் ஒரு சின்ன மெட்டு. முடியப் போகிறது என்று நாம் கையைத் தயாராக வைத்திருக்கும்போது, மெட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு மௌனம் வைக்கிறார். ஒரு துண்டு, நிறுத்தம். அடுத்த துண்டு, நிறுத்தம். கடைசித் துண்டும் வந்துவிடுகிறது. மெட்டு பூர்த்தி. இப்போது ஒரு நீண்ட மௌனம். சபை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைதட்டுகிறது. அந்தச் சமயம் பார்த்து, ரகசியம் சொல்கிற மாதிரி மெல்லிய குரலில், மெட்டின் முதல் துண்டு மறுபடி வருகிறது. அதோடு நிஜமாகவே முடிந்துவிடுகிறது. தொடங்குகிற வாக்கியத்தை வைத்து முடிக்கிற வித்தை. மாமாவுடன் போன அன்று இதைத்தான் வாசித்தார்கள். முன்வரிசையில் என் தாளத்தை முறைத்த பெண்மணி, அந்த நீண்ட மௌனத்தில், எல்லாருக்கும் முந்திக்கொண்டு தட்டினார். இருநூற்று நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் கண்ணி வேலை செய்கிறது. மாமா தட்டவில்லை. “திரும்பப் பல்லவி எடுக்காம எப்படிடா முடிப்பா?” என்று கேட்டுக்கொண்டே காத்திருந்தார். பல்லவி வந்தது. கிழவர் ஜெயித்துவிட்டார்.

ஆக, ரசிக்கலாம் என்று தெரிந்தது. எப்படி ரசிப்பது என்பதுதான் பாக்கி. அலுவலகத்தில் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டேன். முதல் மெட்டைக் கவனி, இரண்டாவது மெட்டைக் கவனி, பிறகு இரண்டையும் பிசைந்து எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வருவதைக் கவனி என்றார்கள். நல்ல யோசனை; நான் முதல் மெட்டு எது என்று முடிவுசெய்வதற்குள் அவர்கள் திரும்பியே வந்துவிடுகிறார்கள். பெயரை வைத்து அடையாளம் வைத்துக்கொள்ளலாம் என்றால் எல்லாம் எண். ஹைடன் மட்டும் 68 குவார்டெட் எழுதிவைத்திருக்கிறார். ஓபஸ் இத்தனை, அதில் நம்பர் இத்தனை. பெயர் உள்ள ஒன்றிரண்டும் வீட்டில் சொல்லும்படி இல்லை. ஷூபர்ட் 1819-இல் எழுதிய அருமையான ஐந்து வாத்தியக் கச்சேரியின் பெயர் ‘ட்ரவுட்’. “என்ன அர்த்தம்?” என்று மாமி கேட்டார். மீன் என்றேன். மாமி டவராவை நகர்த்திவைத்துக்கொண்டார்.

வழி கிடைத்தது அம்மாவிடம்.

அம்மா இன்னமும் லேபர் கேம்ப்பில்தான் இருக்கிறாள். நாங்கள் செம்பூருக்குக் குடிவந்தபோது கூப்பிட்டோம். “கதவச் சாத்திக்கிட்டு இருக்க ஊருல எனக்கு என்ன சோலி?” என்று சொல்லிவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, ஒற்றை அறையில் எங்களையெல்லாம் வளர்த்தவள். அந்த அறை எப்படிப்பட்டது என்றால், இரண்டு பக்கமும் ஒற்றைச் செங்கல் சுவர், மேலே தகரம். வலது பக்க வீட்டில் புருஷன் பெண்டாட்டி சம்பளக் கணக்கு பார்ப்பார்கள். இடது பக்கத்தில் ஒரு பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பான். மாடியில் தையல் மிஷின். எதிரே ஒரு பெரியவரும் அவருடைய ரேடியோவும். இந்த நாலையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு, அதற்கு நடுவிலே பரீட்சைக்கும் படித்து, பதினேழாம் வாய்ப்பாட்டில் அந்தப் பையன் எங்கே தடுக்கினான் என்றும் சொல்லுவோம். சண்டையில் குரல் ஏறும்போது கவனிக்க வேண்டியதில்லை. திடீரென்று தணிந்தால்தான் விஷயம் வருகிறது என்று அர்த்தம். அதிகம் பேசுகிறவன் ஜெயிப்பதில்லை. நடுவில் “ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறவள் என்ன செய்யப் போகிறாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் அங்கே ஐந்து வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போனை அரிசி டிரம்மின் மேல் வைத்து, ஹைடனின் ஓபஸ் 76, மூன்றாவது குவார்டெட்டின் இரண்டாம் பகுதியைப் போட்டேன். யார், என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. நிதானமான ஒரு மெட்டு தொடங்கியது.

“யாருல இது? ஒருத்தி பக்குவமா ஒரு விசயம் சொல்லுதா. மத்தவங்க ம் கொட்டுதாங்க.”

மெட்டு முடிந்து இரண்டாவது வயலின் அதை வாங்கிக்கொண்டது.

“இப்பம் அதையே அடுத்தவ சொல்லுதா. மொதல்ல பேசுனவளுக்கு வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியல, பாரு. ஊடால ஊடால தொணதொணங்கா.”

செல்லோவின் முறை வந்தது.

“ஆம்பள வந்துட்டான். அவனும் அதையேதான சொல்லுதான்!”

பிறகு வயோலா. அம்மா கீரையை வைத்துவிட்டாள்.

“இது யாரு, மூக்கால பேசுதது? பாவம், இம்புட்டு நேரம் வாயே தொறக்கல.”

கடைசியில் முதல் வயலினே மறுபடி மெட்டை எடுத்து, மேலே ஏறி நின்று, மற்ற மூவரும் அணைத்துக்கொள்ள முடித்துவைத்தது.

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க” என்றாள் அம்மா. “ஆமா, என்ன விசயமாப் பேசுதாங்க?”

“தெரியாதும்மா. இதுல வார்த்தை கிடையாது.”

“அதான் சண்டை வரல” என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டாள்.

இந்தப் பகுதியைப் பற்றிப் பாடப் புத்தகம் சொல்வதும் இதுவேதான்: மெட்டு ஓர் இழை மாறாமல் இரண்டாவது வயலின், செல்லோ, வயோலா, முதல் வயலின் என்று கை மாறுகிறது, சுற்றியுள்ள பேச்சு மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. புத்தகம் இதைச் சொல்லப் பக்கக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஜெர்மானியக் கவிஞர் கதேகூட 1829-இல் ஒரு சிநேகிதருக்கு எழுதிய கடிதத்தில், குவார்டெட் கேட்பது நாலு விவேகிகள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்பது போல என்றார். விவேகிகள் என்று அவர் சொன்னது கவிஞருக்கு உரிய மிகை. மற்றபடி, அடுத்தவர் பேச்சைக் கேட்கிறோம் என்பதை அந்தப் பெரியவரும் ஒளிக்கவில்லை. அந்த நாலு பேர் நமக்காகப் பேசவில்லை, அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நாம் சுவருக்கு இந்தப் பக்கம். அந்தப் பழக்கம் பிறவியிலேயே வந்தவர்கள் தாராவியில் எத்தனையோ லட்சம் பேர். தனித்தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்தவர்கள்தான் புத்தகம் வாங்க வேண்டும்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். அந்த மெட்டின் பூர்வோத்தரத்தையும் சொன்னேன். லண்டனில் இருந்தபோது இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ராஜாவை வாழ்த்தி ‘காட் சேவ் தி கிங்’ பாடுவதைக் கேட்டு ஹைடன் அசந்துபோனார். நம் சக்கரவர்த்திக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1797-இல் அவர் போட்ட வாழ்த்து மெட்டுதான், அந்தக் குவார்டெட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு ஜெர்மனியின் தேசிய கீதம் அதே மெட்டில்தான் பாடப்படுகிறது.

இதற்கு மாமா பதில் வைத்திருந்தார். திருவாரூரில் 1775-இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் காதிலும் அதே ‘காட் சேவ் தி கிங்’ விழுந்தது. வெள்ளைக்காரர்களின் பேண்டு வழியாக. அவர் சும்மா இருந்தாரா? அந்த மெட்டிலேயே சமஸ்கிருதத்தில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று ஒரு சாகித்தியம் பண்ணிவிட்டார். ராஜாவை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் அம்பாளை உட்காரவைத்துவிட்டார். இப்படி நாற்பதுக்குப் பக்கம் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமிதான் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. பிறகு நாம் அதைத் தரையில் உட்காரவைத்து, தலையைக் கணுக்காலில் சாய்த்து, ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டி, இது ஏதோ வேதகாலத்து வாத்தியம் என்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டோம். “அப்போ ஹைடனும் தீட்சிதரும் ஒரே பாட்டைக் கேட்டவா. சமகாலத்தவா வேறே” என்று மாமா கணக்குப் போட்டார். “இனிமே நான் வரேன்டா. டிக்கெட் மட்டும் நீ எடு.”

ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. இரண்டாவது வயலின் என்று ஒருவர் எதற்கு? நம் மேடையில் பாட்டுக்காரர் பிரதானம், மற்றவர்கள் பக்கவாத்தியம்; யார் யாருக்கு அடங்கியவர் என்பது நோட்டீசில் எழுத்தின் அளவைப் பார்த்தாலே தெரியும். அதை மாற்றிப் பார்த்தவர் லால்குடி ஜெயராமன். 1966-இல் வயலின், வேணு, வீணை மூன்றையும் சரிசமமாக ஒரே மேடையில் உட்காரவைத்தார். குவார்டெட்டிலும் அப்படித்தான், இரண்டாவது வயலின் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. நாற்காலியின் வரிசையில்தான் இரண்டாவது.

அதற்கு மும்பையிலேயே பெரிய சாட்சி உண்டு. 1908-இல் பிறந்த மெஹ்லி மேத்தா என்ற பார்சி வயலின்காரர், 1935-இல் பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையும் 1940-இல் பம்பாய் ஸ்ட்ரிங் குவார்டெட்டையும் நிறுவினார். வீட்டில் ஒத்திகை நடக்கும். அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பையன் ஜுபின் மேத்தா. பிற்காலத்தில் உலகத்தின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களையெல்லாம் குச்சி ஆட்டி நடத்தியவர். அவருக்கும் ஆரம்பப் பாடம் பக்கத்து அறையிலிருந்து வந்த சத்தம்தான். ஆர்க்கெஸ்ட்ரா, குவார்டெட் இரண்டும் கண்ட அப்பா மெஹ்லி, பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய், ஃபிலடெல்ஃபியாவில் புகழ்பெற்ற கர்டிஸ் குவார்டெட்டில் உட்கார்ந்த நாற்காலி இரண்டாவது வயலின். மாமாவிடம் இதைச் சொன்னேன். “பெரிய மனுஷன்தான்” என்று ஒத்துக்கொண்டார், “ஆனா நோட்டீசிலே பேரைப் பெரிசாப் போட்டிருக்கணும்.”

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நம் காது இந்த இசைக்குப் புதிது என்பதே பொய். இந்தி சினிமா ஸ்டூடியோக்களில் பிடில் குழுக்களை நிரப்பியவர்கள் கோவாக்காரர்கள். ‘அமர் அக்பர் ஆன்டனி’ (1977) படத்தில் அமிதாப் பச்சன் முட்டைக்குள்ளிருந்து வந்து ஆன்டனி கோன்சால்வஸ் என்று பேர் சொல்லி ஆடுகிறாரே, அது இசையமைப்பாளர் பியாரேலால் தன் வயலின் குருவின் பேரை வைத்துச் செலுத்திய மரியாதை. நம் பக்கம் வந்தால், 1976-இல் ‘அன்னக்கிளி’ தொடங்கி இளையராஜா போட்ட பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டே இருக்கும். 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ கேசட்டையே தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளருக்கும் சமர்ப்பித்தார். அதில் ஓர் உருப்படிக்குப் பெயரே, பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாக. லேபர் கேம்ப் சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களுக்குத் தாங்கள் கேட்டதன் பேர்தான் தெரியாது. காது எப்போதோ தயார்.

எனவே, மனைவி கேட்ட கேள்விக்கு என் பதில் இது: போகலாம். செலவும் பெரிதில்லை, நரிமன் பாயின்ட்டில் சின்ன அரங்கங்களில் நடக்கும் சேம்பர் கச்சேரிக்கு ஆகும் காசு, மாலில் சினிமாவும் சோளப்பொரியும் வாங்குகிற காசுக்கு மேல் போகாது. ஆனால் தொடங்கும் இடத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் பீத்தோவனின் கடைசிக் காலத்துக் குவார்டெட்டுகளுக்குப் போக வேண்டாம். ஓபஸ் 131 என்று ஒன்று 1826-இல் எழுதினார். ஏழு பகுதிகள், நிறுத்தமே இல்லாமல், சுமார் நாற்பது நிமிஷம். இருமுவதற்குக்கூட இடம் விடவில்லை. அவருடைய வேறொரு குவார்டெட்டைப் பார்த்து ஒரு வயலின்காரர் இதெல்லாம் சங்கீதமா என்று கேட்டதற்கு, இது உங்களுக்காக இல்லை, பின்னால் வருகிறவர்களுக்கு என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. பின்னால் வருகிறவர்கள் நாம்தான் என்றாலும், கொஞ்சம் பொறுத்துப் போவோம்.

முதலில் ஹைடன். ஓபஸ் 33-இல் இரண்டாவது, ஓபஸ் 76-இல் மூன்றாவது. இரண்டுமே அரை மணி நேரத்துக்குள் அடங்கும். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நாலு பேரையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காதீர்கள். அதிகம் பேசாத அந்த வயோலாவை மட்டும் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேளுங்கள்; மற்ற மூவர் பேசுவது தானாகக் காதில் விழும். சத்தம் குறைகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அரங்கத்துக்குப் போங்கள். நாலு வில்லும் மடிக்கு இறங்கும் வரை கைதட்ட வேண்டாம். வாசித்தது ஹைடன் என்றால், இறங்கின பிறகும் ஒரு மூச்சு பொறுத்துக்கொள்ளுங்கள்.